கிரைஸ்லர் வண்டியை நம்பி வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், இரண்டு குழந்தைகளோடு எல்லோரும் ஏறிப் போக ஒரு மினிவேன் வேண்டும். 1,10,000 மைல் ஓடிய 2016 கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி ஒன்று, அதே வயதுள்ள டொயோட்டா சியன்னாவைவிட நல்ல விலை குறைவாகக் கிடைக்கிறது. நண்பர்களோ "கிரைஸ்லரா, அந்தப் பக்கமே போகாதே" என்கிறார்கள். இதை வாங்கலாமா என்பது முதல் கேள்வி. அந்தக் கம்பெனிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா என்பது இரண்டாவது. நண்பர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் "கிரைஸ்லர்" என்ற பெயரை மட்டும் வைத்து ஒரு வண்டியைத் தீர்மானிக்க முடியாது. எந்த எஞ்சின், எந்தக் கியர்பாக்ஸ், அந்த மாடல் சந்தைக்கு வந்து எத்தனையாவது வருடம் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். கிரைஸ்லரின் வரலாற்றைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் டெட்ராய்ட் பக்கம் வாகன உதிரிபாகங்களின் ஆயுளைச் சோதிக்கும் துறையில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். ஒரு பாகத்தைக் குளிரில் உறைய வைத்து, சூட்டில் வாட்டி, அதிரவைத்து, உப்புத் தண்ணீரைத் தெளித்து, எப்போது உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதனால் ஒரு வண்டி ஏன் கெடுகிறது என்பதை அந்தக் கோணத்திலிருந்துதான் பார்ப்பேன். விற்பனை, விளம்பரம், பங்குச்சந்தை இதெல்லாம் என் துறை கிடையாது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த ஒரு வண்டி நன்றாக இருக்கிறதா என்பதையும் இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அதை ஒரு மெக்கானிக் லிஃப்டில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கிரைஸ்லர் என்பது ஒரு மனிதரின் பெயர். வால்டர் கிரைஸ்லர் 1875-ல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தவர், எல்லிஸ் என்ற ரயில்வே ஊரில் வளர்ந்தவர். அங்கே ரயில்வே பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, தன் கருவிகளில் பலவற்றைத் தானே செய்துகொண்டார். பிற்பாடு நியூ யார்க்கில் அவர் பெயரில் எழுந்த அந்த உயரமான கட்டடத்தின் உச்சியில் அந்தக் கருவிப் பெட்டியைத்தான் காட்சிக்கு வைத்தார்கள். 1908-ல் சிகாகோ கார் கண்காட்சியில் 5,000 டாலர் விலையில் ஒரு லோகோமொபைல் காரைப் பார்த்தார். கையில் இருந்தது 700 டாலர். மீதி 4,300 டாலரைக் கடன் வாங்கி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓட்டவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். முழுவதும் புரிந்த பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டார். இந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பலருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

பியூக் கம்பெனியை நடத்தி, ஜெனரல் மோட்டார்ஸை விட்டு வெளியே வந்து, நொடித்துக்கொண்டிருந்த மேக்ஸ்வெல் கம்பெனியைக் கையில் எடுத்தார். ஃபிரெட் ஜீடர், ஓவன் ஸ்கெல்டன், கார்ல் பிரீர் என்ற மூன்று எஞ்சினியர்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். 1924-ல் அவர்கள் கொண்டுவந்த கிரைஸ்லர் சிக்ஸ் அந்தக் காலத்துக்கு அசாத்தியமான வண்டி. நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக், ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், மற்றவர்கள் வைக்கத் தயங்கிய அளவு அழுத்த விகிதம் (எரிபொருள் கலவையைச் சிலிண்டருக்குள் எவ்வளவு நெருக்குகிறது என்ற கணக்கு), பிஸ்டன்களின் தள்ளலைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஏழு பேரிங். இவ்வளவையும் சுமார் 1,500 டாலர் விலையில் கொடுத்தார்கள். முதல் வருடத்தில் ஏறத்தாழ 32,000 வண்டிகள் போயின. ஹைட்ராலிக் பிரேக்கை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அது மால்கம் லாக்ஹீட் என்பவரின் யோசனை. ஆனால் அது ஒழுகிக்கொண்டிருந்தது. ரப்பர் கப் வைத்து ஒழுகலை நிறுத்தியவர்கள் இந்த மூவரும்தான். ஒரு யோசனையை நம்பக்கூடிய சாமானாக மாற்றுவது எப்படி என்று தெரிந்தவர்கள். 1925 ஜூனில் மேக்ஸ்வெல் கிரைஸ்லர் கார்ப்பரேஷன் ஆனது. 1928-ல் டாட்ஜ் சகோதரர்களின் கம்பெனியை வாங்கினார்கள். அதே வருடம் பிளிமத், டிசோட்டோ என்ற பெயர்களும் வந்தன. நம் பக்கத்துப் பெரியவர்கள் பேசும் ஃபார்கோ லாரியும் இந்தக் குடும்பம்தான். 1947 முதல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லரின் உரிமத்தில் டாட்ஜ், ஃபார்கோ வண்டிகளைச் செய்து தந்தது.

முதல் சறுக்கல் 1934-ல் ஏர்ஃப்ளோ. காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்த கார், காலத்துக்கு வெகு முன்னால் இருந்தது. தோற்றம் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அதன் உடற்கட்டு அதுவரை யாரும் செய்யாத வகை, தொழிலாளர்களுக்குப் புதிய வெல்டிங் முறைகள். ஆர்டர் வந்த வேகத்துக்கு வண்டி வரவில்லை, முதலில் வந்தவற்றில் கோளாறுகள் இருந்தன, வதந்தி அதைவிட வேகமாகப் பரவியது. தோற்றம் எவ்வளவு காரணம், கோளாறு எவ்வளவு காரணம் என்று இன்றைக்குப் பிரித்து எடுக்க முடியாது. நல்ல யோசனையை அரைவேக்காட்டில் வெளியே விட்டார்கள் என்பது மட்டும் தெளிவு. இதே கதை இந்தக் கம்பெனியில் திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்த முறை வந்தது 1957. வர்ஜில் எக்ஸ்னர் வரைந்த, வால்போல உயர்ந்த பின்பக்கம் கொண்ட அந்த வண்டிகளை இன்றும் கண்காட்சிகளில் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். "திடீரென்று 1960 வந்துவிட்டது" என்று பிளிமத் விளம்பரம் செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் திகைத்துப்போனது உண்மை. ஆனால் சோதனைக்கு வேண்டிய காலத்தைச் சுருக்கித்தான் அந்த வண்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மழை பெய்தால் உள்ளே தண்ணீர், மண் சாலையில் போனால் உள்ளே தூசி, இரண்டு மூன்று குளிர்காலத்தில் துரு. முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி சில வண்டிகளில் முறிந்தே போனது. அந்தக் கம்பியின் வடிவமைப்பு நல்லது, ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். அது பொருந்தும் இடத்தில் சேறும் ஈரமும் நின்று அரித்துவிடும் என்பதுதான் பிரச்சினை. இப்படிப்பட்ட கோளாறு வரைபடத்தில் தெரியாது. சாலையில் இரண்டு குளிர்காலம் ஓட்டினால்தான் தெரியும். என் தொழிலில் எல்லாவற்றையும் வேகப்படுத்திச் சோதிக்க வழிகள் உண்டு. ஆனாலும் கோளாறு ஒன்று தெரிந்தால் அதைத் திருத்தி, பாகத்தை வார்க்கும் அச்சை மாற்றி, புதுப் பாகத்தை மறுபடி முதலிலிருந்து சோதிக்க மாதக்கணக்கில் ஆகும். வெளியீட்டுத் தேதி நகராது என்று மேலிடம் சொல்லிவிட்டால், முதலில் வெட்டுப்படுவது அந்த மாதங்கள்தான்.

அதே கம்பெனி மூன்று வருடம் கழித்து என்ன செய்தது என்று பாருங்கள். 1960 மாடலாக வேலியன்ட் என்ற சின்னக் கார் வந்தது. அதற்குள் இருந்தது சாய்ந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆங்கிலப் பெயரில் ஸ்லான்ட் சிக்ஸ். அமெரிக்காவில் செய்த எஞ்சின்களில் ஆயுளுக்குப் பெயர்போனவற்றைப் பட்டியலிட்டால் இது முதல் வரிசையில் நிற்கும். சிலிண்டர்கள் 30 பாகை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். சாய்த்ததால் உயரம் குறைந்தது, அதனால் பானெட்டைத் தாழ்த்த முடிந்தது. பக்கத்தில் கிடைத்த இடத்தில் காற்று போகும் குழாய்களை ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீளமாகக் கொடுக்க முடிந்தது. இந்த எஞ்சினை அலுமினியத்திலும் வார்ப்பது என்ற திட்டம் இருந்தது. அலுமினியம் மென்மையானது என்பதால் தாங்கும் இடங்களையெல்லாம் தாராளமாகக் கனத்து வடிவமைத்தார்கள். கொஞ்ச காலம் அலுமினியத்திலும் வந்தது. ஆனால் பெரும்பாலும் அதே கனத்த வடிவமைப்பை இரும்பில்தான் வார்த்தார்கள். விளைவு, வேலைக்குத் தேவையானதைவிடப் பலமான எஞ்சின். அடித்து உருவாக்கிய கிராங்க் ஷாஃப்ட், நான்கே பேரிங் ஆனாலும் பெரிய பேரிங். வால்வ் இடைவெளியை அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும். அந்த ஒரு வேலையைச் செய்தால் போதும், அது பாட்டுக்கு ஓடும்.

அதோடு டார்க்ஃப்ளைட் என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். அதுவும் இரும்புக் குணம். 1963 மாடல்களுக்குக் கிரைஸ்லர் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 5 வருடம் அல்லது 50,000 மைல் வாரன்ட்டி கொடுத்தது. போட்டிக் கம்பெனிகள் அதற்கு வெகு கீழே இருந்த காலம். கையில் நம்பிக்கையான சாமான் இருந்ததால் கொடுக்க முடிந்தது. இந்த எஞ்சின் 1983 வரை கார்களில் வந்தது. அதற்காக இந்த எஞ்சின் வைத்த டாட்ஜ் டார்ட், வேலியன்ட் கார்களில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். துரு பிடிக்கும். 70-களில் வந்த எலக்ட்ரானிக் இக்னிஷனில் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்று விரல் நீளத்தில் ஒரு பீங்கான் துண்டு இருக்கும், அது சொல்லாமல் போய்விடும். போனால் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்டதும் நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் டாஷ்போர்டுப் பெட்டியில் இன்னொன்று வாங்கி வைத்திருப்பார்கள். இரண்டு திருகு, இரண்டு நிமிட வேலை. நம்பகமான வண்டி என்று நான் சொல்வது இந்த மாதிரி வண்டியைத்தான். கெடும், ஆனால் எது கெடும் என்று தெரியும், கெட்டால் மலிவாகத் திருத்திக்கொள்ளலாம்.

அந்த டார்ட், வேலியன்ட்டுக்குப் பதிலாக 1976 மாடலாக வந்தவைதான் டாட்ஜ் ஆஸ்பென், பிளிமத் வொலாரே. அந்த வருடத்தின் சிறந்த கார் என்று பத்திரிகை விருதும் கிடைத்தது. அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ். ஆனால் புது உடற்கட்டு, அதுவும் அவசரத்தில் செய்தது. முன்பக்கத் தகரம் சில வருடங்களில் துருவால் ஓட்டை விழுந்தது. கம்பெனியே தன் செலவில் மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. கோளாறைத் திருத்த வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைக்கும் ரீகால்கள் அடுத்தடுத்து வந்தன. பிறகு தலைமைக்கு வந்த லீ ஐயகோக்காவே, அந்த வண்டிகளை இன்னும் சில மாதம் தாமதித்து விட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். அதோடு இன்னொரு பழக்கமும் இருந்தது. டீலர்கள் கேட்காமலேயே கார்களைச் செய்து, மிச்சிகன் மைதானங்களில் ஆயிரக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். "விற்பனை வங்கி" என்று அதற்குப் பெயர். கணக்கில் உற்பத்தி நன்றாகத் தெரியும். ஆனால் கார்கள் மாதக்கணக்கில் மழையிலும் பனியிலும் நிற்கும். டயர் காற்று இறங்கும், பேட்டரி போகும், பெயின்ட் மங்கும். பிறகு தள்ளுபடியில் "புதுக் கார்" என்று ஒருவர் தலையில் கட்டுவார்கள். வாங்கியவர் அதை எப்படி நினைவு வைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் நண்பர்களின் அந்த "போகாதே" எங்கே தொடங்கியது என்று என்னைக் கேட்டால், அந்த மைதானங்களைத்தான் காட்டுவேன்.

1979-ல் 110 கோடி டாலர் நஷ்டம், அடுத்த வருடம் அதைவிடப் பெரிய நஷ்டம். 150 கோடி டாலர் வரை கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நிற்க வேண்டி வந்தது. ஐயகோக்கா 1981 மாடலாகக் கே-கார்களைக் கொண்டுவந்தார். சாதாரணமான, முன்சக்கரம் இழுக்கும், அடக்கமான கார்கள். அதே அடித்தளத்திலிருந்து 1983 நவம்பரில் கனடாவின் விண்ட்ஸர் ஆலையில் உலகம் மறக்காத ஒரு வண்டி வெளிவந்தது, மினிவேன். டாட்ஜ் கேரவான், பிளிமத் வாயேஜர். அந்த வருடமே, தவணைக்கு ஏழு வருடம் முன்னதாகவே, கடன் அடைந்துவிட்டது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டவுன் அண்ட் கன்ட்ரி அந்த வண்டியின் நேர் வாரிசு, அதே விண்ட்ஸரில் செய்தது.

இப்போது கியர்பாக்ஸ். இது உங்கள் வண்டிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1989-ல் ஏ604 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கிரைஸ்லர் அறிமுகம் செய்தது. விளம்பரப் பெயர் அல்ட்ராடிரைவ். ஒவ்வொரு கிளட்ச் பிடிப்பதையும் விடுவதையும் கம்ப்யூட்டர் கவனித்து, கிளட்ச் தேயத் தேயத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தக் காலத்தில் வேறு யாரும் இவ்வளவு துணியவில்லை. ஆனால் வந்த முதல் சில வருடங்களில் ஏராளமான கியர்பாக்ஸ்கள் போயின. கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் வண்டியை இரண்டாம் கியரிலேயே பூட்டி வைத்துவிடும், நெடுஞ்சாலையில் உறுமிக்கொண்டே வீடு வந்து சேர வேண்டும். உள்ளே இருக்கும் சீல், கிளட்ச், சோலனாய்ட் (ஆயில் போகும் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) என்று பல இடங்களில் பலவீனம் இருந்தது. இவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. அதோடு ஆயில். அந்தக் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் ஒரு குறிப்பிட்ட அளவு வழுக்கித்தான் பிடிக்க வேண்டும். அந்த வழுக்கலை நிர்ணயிப்பது ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனம். கிரைஸ்லரின் சொந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் கம்பெனியே கொடுத்த குறிப்பில், அது கிடைக்காவிட்டால் கடையில் கிடைக்கும் டெக்ஸ்ரான் ஆயிலை ஊற்றலாம் என்று இருந்தது. அதை நம்பி ஊற்றியவர்களின் கியர்பாக்ஸ் உதற ஆரம்பித்தது. ஆயிலால் போனது எத்தனை, வடிவமைப்பால் போனது எத்தனை என்ற வாக்குவாதம் மெக்கானிக்குகளிடையே இன்னும் ஓயவில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கருத்து. 90-களின் கடைசியில் அதே கியர்பாக்ஸ் ஓரளவு நம்பகமானதாகிவிட்டது. ஆனால் அதற்குள் கெட்ட பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது.

1987-ல் அமெரிக்கன் மோட்டார்ஸை வாங்கியபோது ஜீப்பும், அதன் 4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் கையில் வந்தன. 2006 வரை ஓடிய எஞ்சின், ஸ்லான்ட் சிக்ஸுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. அதே கம்பெனி 1998-ல் கொடுத்த 2.7 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்கள் வி வடிவில் இரண்டு வரிசையாக இருக்கும் எஞ்சின்) அதற்கு நேர் எதிர். பழைய கார் சந்தையில் இன்றும் அந்த எஞ்சினைக் கண்டால் நான் நகர்ந்துவிடுவேன். தண்ணீர் பம்ப்பை எஞ்சினுக்குள் வைத்து, டைமிங் செயினால் சுற்ற வைத்தார்கள். பம்ப் ஒழுகினால் வெளியே தெரிவதற்குப் பதில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீர் ஆயிலுக்குள் கலக்கும். ஆயில் போகும் வழிகளோ குறுகல், சூடோ அதிகம். ஆயில் கருத்துக் கெட்டியாகிக் களிம்பாகப் படியும், செயினின் இறுக்கம் போகும், ஒரு நாள் எஞ்சின் நின்றுவிடும். உரிமையாளர்கள் ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை என்பது ஒரு தரப்பு. சிலர் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கொஞ்சம் கவனம் குறைந்தாலே செத்துப்போகும் எஞ்சினைக் குடும்பக் காரில் வைத்தது வடிவமைப்பின் தவறு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உரிமை கைமாறிய கதை. 1998-ல் மெர்சிடிஸ் கார்களைச் செய்யும் ஜெர்மனியின் டைம்லர், 2007-ல் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனம், 2009 ஏப்ரல் 30-ல் திவால் மனு, பிறகு ஃபியட், 2021-லிருந்து ஃபியட்டும் பிரான்ஸின் பெஜோவும் இணைந்த ஸ்டெல்லாண்டிஸ். ஒவ்வொரு முதலாளியும் செலவைக் குறைத்தார்கள், திட்டங்களை நடுவில் நிறுத்தினார்கள். 2000-களின் நடுவில் வந்த கார்களின் உட்புறப் பிளாஸ்டிக்கைத் தொட்டாலே அது தெரியும். இந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. பல்வேறு பழைய வி6 எஞ்சின்களை ஒழித்து, அவற்றுக்குப் பதிலாகப் பென்டாஸ்டார் என்ற ஒரே 3.6 லிட்டர் எஞ்சினை 2011 மாடல்களிலிருந்து கொண்டுவந்தார்கள். உங்கள் வண்டியில் இருப்பது அதுதான்.

வருடா வருடம் வெளிவரும் நம்பகத்தன்மைப் பட்டியல்களில் கிரைஸ்லர் பெரும்பாலும் அடிப்பக்கமே இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுக்கும் கணக்கு அது. ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் நூறு வண்டிக்கு எத்தனை குறைகள் என்று எண்ணுவார்கள். அதில் ஃபோன் இணையவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனது என்பதும் ஒரு குறை. அதோடு, கிரைஸ்லர் என்ற பெயரில் இப்போது விற்பது அநேகமாக மினிவேன் மட்டும்தான். ஆகவே அந்தப் பெயருக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஒரே ஒரு வண்டியின் மதிப்பெண். டொயோட்டாவும் ஹோண்டாவும் சராசரியில் மேலே என்பது உறுதி. எவ்வளவு மேலே என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஹோண்டா ஒடிசியிலும் கியர்பாக்ஸ் போன காலம் உண்டு.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். 2016 என்பது அந்த உருவத்தின் கடைசி வருடம். அடிப்படை வடிவம் 2008-ல் வந்தது, எஞ்சின் 2011-ல் சேர்ந்தது. ஆரம்பக் கோளாறுகள் பெரும்பாலும் திருத்தப்பட்டுவிட்டன. உதாரணமாக, 2011 முதல் 2013 வரையான பென்டாஸ்டாரில் இடப்பக்கச் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பாகம்) கெட்டது. அதற்குக் கம்பெனி 10 வருடம், 1,50,000 மைல் வரை வாரன்ட்டியை நீட்டியது. உங்கள் வருடத்தில் அந்தப் பயம் இல்லை. கியர்பாக்ஸ் ஆறு கியர் 62டிஇ. அது வேறு எதுவுமில்லை, நான் மேலே சொன்ன அந்த ஏ604-இன் வழிவந்ததுதான். வருடக்கணக்கில் அடிபட்டுத் திருந்தியது. முழுக்க வலிமையானது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆயில் மாற்றி வந்திருந்தால் 1,10,000 மைல் அதற்குப் பெரிய வயதில்லை. ஊற்ற வேண்டியது கிரைஸ்லரின் ஏடிஎஃப் பிளஸ் 4 என்ற கியர்பாக்ஸ் ஆயில் மட்டும். பானெட்டைத் திறந்தால் அந்த ஆயில் குழாய்க்கு மூடி இருக்கும், உள்ளே அளவுக் குச்சி இருக்காது. டீலர்தான் அளக்க வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். இதனாலேயே பல வண்டிகளில் யாரும் அந்த ஆயிலைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். பழைய ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். ஆறின எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்துவைத்துக் கேளுங்கள். முதல் சில நொடி சத்தம் சாதாரணம். சூடான பிறகும் தையல் மெஷின் போல டிக் டிக் என்று சீராகக் கேட்டால், வால்வைத் தள்ளும் ராக்கரின் சின்னச் சின்னப் பேரிங் தேய்ந்திருக்கலாம். விட்டால் அந்த ராக்கரை அசைக்கும் கேம் ஷாஃப்ட்டையும் தின்றுவிடும், பிறகு செலவு பெரிது. அடுத்தது ஆயில் ஃபில்டர் இருக்கும் பிளாஸ்டிக் கூடு. எஞ்சினின் இரண்டு வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். சூட்டில் விரிசல் விடும், மூடியை அளவுக்கு மீறி இறுக்கினாலும் விடும். அது ஒழுகினால் ஆயில் பள்ளத்தில் தேங்கிப் பின்பக்கமாக வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். அனுபவமில்லாத மெக்கானிக் கீழிருந்து பார்த்து, கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பார். டார்ச் அடித்து முதலில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடு மாற்றும் செலவு அதைவிட எவ்வளவோ குறைவு.

உங்கள் மாநிலத்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அதனால் வண்டியைத் தூக்கிப் பின்பக்க ஏசிக்கும் ஹீட்டருக்கும் போகும் குழாய்களைக் கண்டிப்பாகப் பாருங்கள், துரு பிடித்து ஒழுகும். பெரியவர்கள் பின்னால் உட்காரப் போகிறார்கள் என்பதால் இது முக்கியம். பின் ஏசியை முழுவேகத்தில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பக்கக் கதவுகள் இரண்டையும் பட்டனால் ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். கதவோடு சேர்ந்து மடங்கி நிமிரும் வயர்கள் உள்ளே அறுந்துபோவது இந்த வண்டியில் சகஜம். ஓட்டும்போது மெதுவாக வேகம் எடுத்து ஒவ்வொரு கியரும் மாறுவதை உணருங்கள். உதறலோ, எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி இழுக்காமல் நிற்பதோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை (விஐஎன்) வாங்கி, அமெரிக்க மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத் (NHTSA) தளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். செய்யாமல் விட்ட ரீகால் இருந்தால் காட்டும், டீலர் காசில்லாமல் செய்து தருவார். செய்து முடித்தவற்றை அது காட்டாது, அதனால் எதுவும் வரவில்லை என்றால் ரீகாலே இருந்ததில்லை என்று அர்த்தம் கிடையாது. யாராவது, 2016 வேண்டாம், கொஞ்சம் கூடப் போட்டு 2017 அல்லது 2018 பசிஃபிகா ஹைபிரிட் (டவுன் அண்ட் கன்ட்ரிக்குப் பதிலாக வந்த மினிவேனில் சார்ஜ் போடும் வகை) வாங்கிக்கொள் என்று சொன்னால் யோசியுங்கள். தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2022-ல் அந்த இரண்டு வருட வண்டிகளையும் ரீகால் செய்தார்கள். சரிசெய்யும்வரை சார்ஜ் போடாமல், வீட்டிலிருந்து தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். 2024-லும் பேட்டரிக்காக இன்னொரு ரீகால் வந்தது. புதிய உருவத்தின் முதல் இரண்டு வருடங்கள், அதில் புதிய தொழில்நுட்பம் வேறு. கிரைஸ்லரில் நான் எப்போதும் தள்ளி நிற்பது இந்தச் சேர்க்கையிலிருந்துதான்.

கடைசியாக விலை. சியன்னாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சில ஆயிரம் டாலர் இருந்து, மேலே சொன்ன சோதனைகளில் வண்டி தேறினால், நான் வாங்குவேன். அந்த வித்தியாசத்தில் பாதியையாவது வங்கியில் தனியாக வைத்திருங்கள். முதல் மாதமே எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். வித்தியாசம் ஆயிரத்துக்குக் கீழே என்றால், அல்லது தனியாக எடுத்து வைக்கப் பணம் இல்லையென்றால், சியன்னாவுக்கே போங்கள். எப்படியானாலும் டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த அறிக்கை வந்ததும், எதில் சந்தேகம் இருக்கிறதோ அதை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.